தண்ணீரிலிருந்து 70 எட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விடுமுறைக் காலம் வந்துவிட்டால் அருவிக்கரையில் குவிந்து கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களின் படம் நாளிதழ்களில் வரத் தவறுவதில்லை. 'சுற்றுலாப் பயணிகளின் அலட்சியம்' என்பதுபோல் ஒரு தலைப்பும் இருக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் 'குப்பை போடாதீர்' என்று இன்னொரு பலகை நட்டிருப்பார்கள். நடைபாதைகளைச் செப்பனிடுவதிலும் மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதிலும் ஈடுபட்டிருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. அந்தப் படத்தைப் பற்றியும் பலகையைப் பற்றியும் எங்களுக்குச் சில குறைகள் உண்டு. கடிதம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. கல்லாகிப்போன மரத்துண்டுகள் தரையெங்கும் சிதறிக் கிடக்கும் இடம். வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது அங்கே தீராத தலைவலி. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் போட்டுவைத்து, இரண்டு விதமான பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். 'இதற்கு முன் வந்த பலர் எடுத்துப் போனதால் இந்த இடத்தின் இயல்பே மாறிவிட்டது' என்ற கருத்தில், மூன்று பேர் துண்டுகளை எடுப்பதுபோல் படம் போட்ட பலகை ஒன்று. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று சொல்லி, ஒரே ஒருவர் எடுப்பதுபோல் வரைந்து அதன்மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை இன்னொன்று. முதல் பலகை இருந்தபோது 7.92 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. இரண்டாவது இருந்தபோது 1.67 சதவீதம்தான். ஊரே செய்கிறது என்று நீங்கள் வருத்தத்தோடு சொல்கிறீர்கள். படிப்பவர் காதிலோ 'இங்கே இதெல்லாம் வழக்கம்தான்' என்று விழுகிறது. குப்பைமேட்டுப் படத்தை முதல் பக்கத்தில் போடும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இனி பலகை. குப்பை போடக்கூடாது என்பதில் எங்களுக்கும் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வெளியில் சுற்றப் போகிறவர்கள் செய்யும் சேதங்களில் எளிதாகச் சரிசெய்யக்கூடியது குப்பைதான். நாற்பது பேர் சாக்குப்பையோடு ஒரு காலைப்பொழுது போனால் பொறுக்கி முடித்துவிடலாம். அரித்துப்போன மண்ணையும், ஓடையில் கலந்த சோப்பையும், மனிதரைக் கண்டாலே பையைப் பிடுங்கப் பழகிவிட்ட குரங்கையும் எந்தச் சாக்கில் போடுவது? இவற்றைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் குப்பை போடாத நல்லவர்கள். தாங்கள் செய்வது தவறென்றே அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

ஒரு குறுக்குவழியை எடுத்துக்கொள்வோம். மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுகளாகப் போவது ஏறுகிறவருக்கு மூச்சு வாங்காமல் இருக்க என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மழைத்தண்ணீருக்காகவும் போட்ட வளைவு. பாதை சரிவுக்குக் குறுக்கே போனால் மேலிருந்து வழியும் நீர் பாதையைக் கடந்து அப்படியே கீழே இறங்கிவிடும். சரிவின் போக்கிலேயே பாதை இறங்கினால் தண்ணீர் பாதையைவிட்டு வெளியேறவே செய்யாது, அதுவே வாய்க்காலாகிவிடும். அதனால்தான் பாதை போடுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாதையின் ஏற்றம், அது போகும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சராசரியாக 100 அடி நடந்தால் 10 அடிக்கு மேல் ஏறக்கூடாது. பள்ளத்தைப் பார்த்த விளிம்பு, மலையை ஒட்டிய விளிம்பைவிட ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். நடப்பவர் கண்ணுக்கு அந்தச் சாய்வு தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

இப்போது ஒருவர் வளைவின் நுனிவரை போகச் சோம்பல்பட்டு, கீழே தெரியும் அடுத்த திருப்பத்துக்கு நேராக இறங்குகிறார். முதல் நாள் புல் சாய்கிறது, அவ்வளவுதான். ஆனால் சாய்ந்த புல் அடுத்தவருக்குத் தடமாகத் தெரியும். சில நாளில் புல் போய் மண் தெரிகிறது. மிதிபட்ட மண்ணில் நுண்துளைகள் அடைபட்டுவிடுவதால் மழை உள்ளே இறங்காது, மேலேயே ஓடும். ஓடும் நீர் பொடிமண்ணை அள்ளிப்போகும், கற்களை விட்டுவிடும். கல் உருளுகிறது, வழுக்குகிறது என்று அடுத்து வருகிறவர் பக்கத்துப் புல்லில் கால் வைக்கிறார். தடம் அகலமாகிறது. இரண்டு மழைக்காலம் போனால் அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஓர் ஓடை. அத்தோடு நின்றாலும் பரவாயில்லை. மேல்வளைவில் பாதையைக் கடந்துபோக வேண்டிய தண்ணீரையும் அந்தப் பள்ளம் தன் பக்கம் இழுத்து, கீழ்வளைவின் மேல் கொட்டி, நல்ல பாதையையும் அறுத்துவிடும். இவ்வளவுக்கும் நடப்பவருக்கு மிச்சமானது இரண்டு நிமிடம்.

அதை மூடுவதற்கும் ஒரு முறை உண்டு. 'இவ்வழியே செல்லாதீர்' என்று பலகை நட்டால் பலகையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். மனிதர் குறுக்கே இறங்குவது அடுத்த திருப்பம் கண்ணுக்குத் தெரிவதால்தான். ஆகவே மறைக்க வேண்டியது அந்தப் பார்வையை. குறுக்குவழியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் முதல் சில மீட்டருக்குக் காய்ந்த கிளைகளையும் முள்ளையும் இறுக்கமாக அடைத்து, அங்கே ஒரு தடம் இருந்த அடையாளமே தெரியாமல் செய்ய வேண்டும். நடுவில் உள்ள பள்ளத்தில் குறுக்கே கற்களை அடுக்கிச் சிறுசிறு தடுப்புகள் கட்ட வேண்டும். கீழ்த்தடுப்பின் தலை, மேல்தடுப்பின் அடிமட்டத்துக்கு வரும்படி இடைவெளி விட்டால் ஒவ்வொரு மழையும் கொண்டுவரும் மண் தானாகவே தங்கி நிரப்பும். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு புதுப் பள்ளம் பறித்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இதுதான்.

சேறும் இப்படித்தான். பாதையில் சேறு என்றால் ஷூ நனையாமல் ஓரமாகப் போகத்தான் யாருக்கும் தோன்றும். ஓரமும் சேறாகும், அதற்கும் ஓரம், அதற்கும் ஓரம் என்று ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதையாகிவிடும். சேற்றின் நடுவில் மிதித்துப் போவதுதான் சரி. ஷூவைக் கழுவிக்கொள்ளலாம். பாதை முழுக்கச் சொதசொதவென்று இருந்தால் அன்று போகாமலிருப்பது இன்னும் நல்லது. ஈரமண் காய்ந்த மண்ணைவிட எளிதில் நசுங்கி இறுகும் என்பதால்தான் சில பாதைகளை மழைக்காலத்தில் மூடுகிறார்கள். மூடியிருப்பதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்களுக்கு இந்தக் காரணத்தை ஒரு வரியில் எழுதி வைத்தாலே பாதிக் கோபம் அடங்கும்.

இதில் ஒரு கணக்கு தலைகீழாகத் தோன்றும். யாரும் மிதிக்காத பசுந்தரையில் ஆயிரம் பேர் நடந்தால் வரும் சேதத்தில் பெரும்பகுதியை முதலில் போகும் சிலரே செய்து முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கூட்டுவது கொஞ்சம்தான். மிதிபட்டது மீள்வதற்கோ, செடியின் வகையையும் குளிரையும் பொறுத்து, ஆண்டுக்கணக்காகும். ஆகவே பலர் போகும் இடத்தில் எல்லாரும் ஒரே தடத்தில், ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த இடம் மேலும் தேயட்டும். பாதையே இல்லாத இடத்தில் அதற்கு நேரெதிர்: ஒருவர் கால் வைத்த இடத்தில் மற்றவர் வைக்காமல் பரவலாகப் பிரிந்து, முடிந்தவரை பாறை, சரளை, மணல், காய்ந்த புல் என்று பார்த்து நடக்க வேண்டும். கூடாரத்துக்கும் இதே கணக்கு. வழக்கமாக டென்ட் போட்டுப் போட்டுப் பொட்டலாகிப்போன இடம் இருந்தால் அந்தப் பொட்டலுக்குள்ளேயே போடுங்கள். 'அழகாக இருக்கிறதே' என்று பக்கத்துப் புல்வெளிக்குப் போகாதீர்கள். புது இடமென்றால் ஓர் இரவுக்கு மேல் வேண்டாம். மழைநீர் வராமலிருக்கக் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். இன்றைய டென்ட்களின் அடித்துணி தண்ணீரை விடாது. வெட்டிய வாய்க்கால்தான் அடுத்த மழைக்கு அரிப்பின் பிள்ளையார்சுழி.

அடுத்தது, பேசக் கூச்சப்படுவதாலேயே யாரும் சொல்லித்தராத விஷயம்: காட்டில் எங்கே, எப்படி ஒதுங்குவது.

கழிப்பறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். வரிசையில் நிற்க நேர்ந்தாலும் சரி. இல்லாத இடத்தில் ஓடை, குளம், பாதை, கூடாரம் எல்லாவற்றிலிருந்தும் 200 அடி, அதாவது வளர்ந்தவர் காலுக்குச் சுமார் 70 எட்டு, தள்ளிப் போக வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் ஓடக்கூடிய பள்ளமாக இல்லாத இடம் பார்த்து, சிறு கைமண்வெட்டியால் குழி தோண்ட வேண்டும். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம். கையை விரித்து அளந்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அகலம் 10 முதல் 15 சென்டிமீட்டர். ஆழத்துக்குக் காரணம் உண்டு. கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதிகம் வாழ்வது இலைமக்கு கலந்த மேல்மண்ணில். 'நன்றாகப் புதைப்போம்' என்று முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் அவை குறைவு, காற்றும் குறைவு, மட்குவது தாமதமாகும். ஆழம் போதாவிட்டால் விலங்குகள் கிளறி எடுத்துவிடும், மழையும் அடித்துக்கொண்டு போகும். முடிந்தபின் கொஞ்சம் மண் போட்டு ஒரு குச்சியால் கிளறி, குச்சியையும் உள்ளேயே விட்டு, மீதி மண்ணால் மூடி, மேலே சருகைப் பரப்ப வேண்டும். கல்லைத் தூக்கி அதன் அடியில் மறைப்பது மிகப் பழைய, மிக மோசமான பழக்கம். அங்கே மண்ணோடு கலக்கவும் வழியில்லை, வெயிலின் சூடும் எட்டாது.

ஈரத்துணி என்று விற்கும் வெட் வைப்ஸ் துணியல்ல. பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறது. அதையும் நாப்கின், டயப்பர் ஆகியவற்றையும் புதைக்கக்கூடாது, எரிக்கவும் முடியாது. இறுக மூடும் இரட்டைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். உள்பையில் ஒரு பிடி காய்ந்த தேயிலைத்தூள் போட்டால் வாடை அடங்கும். வெளிப்பை கறுப்பு நிறமாக இருந்தால் கூச்சமும் இருக்காது. பாறையும் பனியுமான உயரங்களில் குழியே பயன்படாது. மண்ணும் சூடும் இல்லாத இடத்தில் எதுவும் மட்காது. அங்கே மலத்தையும் பையில் கொண்டு இறங்குவதுதான் ஒரே வழி. எவரெஸ்ட் பகுதி உள்ளாட்சி அமைப்பு 2024-இல் மலையேறுகிறவர்களுக்கு அப்படியொரு விதியையே கொண்டுவந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2014-இல், எவரெஸ்ட் ஏறும் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று நேபாள அரசு விதித்திருந்தது. குப்பைக்கு விதி வந்து, மலத்துக்கு விதி வரப் பத்து ஆண்டு! கூச்சம் அவ்வளவு பொல்லாதது.

சிறுநீர் தாவரத்தின் மேல் படாமல் பாறை, சரளை பார்த்துப் போவது நல்லது. சிறுநீரில் உள்ள உப்புக்காகப் பல விலங்குகள் அந்தச் செடியையும் மண்ணையும் தோண்டித் தின்னும். அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் மலையாடுகள் பாதையோரச் சிறுநீருக்கும் மனிதர் வியர்வைக்கும் பழகி, ஆட்களை நெருங்கத் தொடங்கின. 2010-இல் ஓர் ஆடு முட்டி ஒருவர் இறந்தார். அவை அந்த மலைக்கு உரியவையும் அல்ல, 1920-களில் கொண்டுவந்து விடப்பட்டவை. கடைசியில் 2018 முதல் 2020 வரை, முந்நூறுக்கு மேற்பட்ட ஆடுகளைப் பிடித்து ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு வேறு மலைத்தொடருக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

அதே 70 எட்டுக் கணக்கு குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவவும் பொருந்தும். சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும். நீர்மேல் நடக்கும் பூச்சி மூழ்கிவிடும். மீன் உடம்பின் மேலிருக்கும் வழவழப்பான காப்பையும் அது கரைக்கும். 'இயற்கையில் மட்கும் சோப்பு' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி ஓடையிலேயே நுரைக்கவிடுகிறவர்கள் நிறைய. அது மட்குவது மண்ணில்தான், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால்தான். தண்ணீரில் விட்டால் அதுவும் சோப்புதான். மடக்குவாளியில் தண்ணீர் மொண்டு தள்ளிப் போய்க் குளியுங்கள். பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்றுவிட்டு, மணலோ சருகோ கொண்டு தேய்த்துவிட்டு, கழுவிய நீரைத் துணியில் வடிகட்டுங்கள். துணியில் நின்ற பருக்கைகள் குப்பைப் பைக்கு. வடிந்த நீரை ஒரே இடத்தில் கொட்டாமல் அகலமாக வீசித் தெளித்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. பாட்டில் தண்ணீர் வாங்கிக் குவிப்பதைவிட ஊற்றுநீரைச் சுத்தம் செய்து குடிக்கலாம். ஆனால் ஓடை பளிங்கு மாதிரி இருக்கிறது என்பதற்காக அப்படியே குடிக்கக்கூடாது. ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி குளிர்ந்த நீரில் நீண்ட நாள் உயிரோடிருக்கும். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமாகையால் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரையை மட்டும் நம்பினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி தப்பிவிடும்.

நெருப்பு. முடிந்தவரை வேண்டாம், கேஸ் அடுப்பு போதும். அதிலும் கவனம் வேண்டும். வெறும் பியூட்டேன் நிரப்பிய குப்பி, உறைநிலைக் குளிரில் ஆவியாகாது, அடுப்பு அணைந்துவிடும். புரோப்பேன் கலந்த குப்பி வாங்க வேண்டும். காற்றுக்கு மறைப்பு வைக்கிறேன் என்று தகரத்தால் குப்பியையும் சேர்த்து முழுக்கச் சுற்றி அடைத்தால் குப்பி சூடேறி வெடிக்கும். நெருப்பு மூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஏற்கெனவே மூட்டிய கரி உள்ள இடத்தில் மூட்டுங்கள். கீழே விழுந்து காய்ந்து, கையால் ஒடிக்க முடிகிற, மணிக்கட்டைவிடப் பருமனில்லாத சுள்ளிகள் மட்டும். நின்றபடி பட்டுப்போன மரத்தை வெட்டக்கூடாது. ஆந்தைக்கும் மரங்கொத்திக்கும் அதுதான் வீடு. ஆற்றுக்கல்லை அடுப்புக்கல்லாக வைத்தால் அதற்குள் ஊறியிருக்கும் நீர் ஆவியாகிக் கல் தெறித்துவிடும். அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடுவதுதான் வழக்கம், தவறும் அதுவே. மண் போர்வைபோல் சூட்டைக் காத்து, கங்கு வேரைப் பிடித்துக்கொண்டு மறுநாள் வேறோர் இடத்தில் தீயாகக் கிளம்பும். தண்ணீர் ஊற்ற வேண்டும், குச்சியால் கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடே இல்லை என்ற பிறகுதான் கிளம்ப வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டுகளை நெருப்பில் போட்டு 'எரித்துவிட்டோம்' என்று திருப்திப்படுகிறவர்களுக்கு: அதன் உட்பூச்சில் பெரும்பாலும் அலுமினியம் இருக்கிறது. அது எரியாது, சுருண்டு சாம்பலுக்குள் கிடக்கும். கிளறிப் பார்த்தால் தெரியும்.

பழத்தோலும் சோறும் 'இயற்கைதானே' என்று வீசப்படுகின்றன. தோல் மட்க மாதங்கள் ஆகும். அதற்குள் சாலையோரத்தில் வீசிய தோலுக்கு எலி வரும், எலிக்கு ஆந்தை வரும், தாழப் பறந்து வரும் ஆந்தை வண்டியில் அடிபடும். குரங்குக்குக் கையால் ஊட்டிப் படமெடுப்பவர் அன்போடுதான் செய்கிறார். ஆனால் தின்பண்டம் கிடைக்கும் இடத்தில் கூட்டம் கூடும், சண்டை கூடும், இரை தேடும் பழக்கம் போகும், கொடுக்காதவரைக் கடிக்கும். பிறகு 'குரங்குத் தொல்லை' என்று புகார் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள். விலங்கிடமிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் எளிய அளவு: கையை நேரே நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரலுக்குப் பின்னால் விலங்கு முழுவதும் மறைந்தால் தூரம் போதும். மறையாவிட்டால் பின்வாங்குங்கள். அது மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிவிட்டாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு இந்த அளவெல்லாம் தேவைப்படாது. ஒரு விலங்கும் கண்ணில் படாது.

ஷூ அடியில் ஒட்டிய மண் விதையையும் நோயையும் சுமந்துபோகும். நியூசிலாந்தில் கௌரி மரங்களை வேரிலிருந்து அழிக்கும் ஒரு நோய் மண்ணோடு பரவுவதால், காட்டுக்குள் நுழையுமிடத்தில் பிரஷ்ஷால் தேய்த்து, கிருமிநாசினி தெளித்து, பிறகே போக வேண்டும். அதே நாட்டில் 2004-இல் டிடிமோ என்ற பாசி ஆற்றில் தென்பட்டபின், ஓர் ஆற்றில் நனைந்த எதையும் அடுத்த ஆற்றுக்குக் கொண்டுபோகும் முன் முழுக்கக் காயவிட்டு, காய்ந்த பிறகும் 48 மணி நேரம் விடச் சொல்கிறார்கள். கிளம்புமுன் வீட்டு வாசலில் ஷூவைத் தேய்த்துக் கழுவ ஐந்து நிமிடம் ஆகுமா?

கடலுக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: பவளப்பாறையில் நிற்காதீர்கள்; அது கல்லல்ல, உயிர். சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் இல்லாததாகப் பாருங்கள். பவளத்துக்குக் கேடு என்று இவ்விரண்டில் ஏதேனும் ஒன்று கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடைசெய்திருக்கிறது. முழுக்கைச் சட்டையோடு நீந்தினால் பூசவேண்டிய இடமே பாதியாகக் குறையும்.

இடங்களை நிர்வகிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்கு ஒரு காலத்தில் நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர்வரை வந்தார்கள். நங்கூரமும் மிதியும் பட்டுப் பவளம் அழிந்ததால் 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இடையில் கரும்துடுப்புச் சுறாக்கள் விரிகுடாவுக்குத் திரும்பின. நாங்கள் கவனிக்கச் சொல்வது மூடியதை அல்ல, திறந்த விதத்தை. படகுகள் இப்போது விரிகுடாவுக்குள் வருவதில்லை, தீவின் பின்பக்கம் நிறுத்தி ஆட்களை நடத்தி அழைத்து வருகிறார்கள். எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைப் போலவே, எந்த வழியாக, எந்த மாதத்தில், எதன்மேல் மிதித்து என்பதும் முக்கியம். நல்ல மரப்பலகை நடைமேடை ஒன்று இருந்தால் ஐந்நூறு பேர் போகலாம்; அது இல்லாத சதுப்பில் ஐம்பது பேரே அதிகம். கழிப்பறை கட்டாமல் 'அசுத்தம் செய்யாதீர்' என்று பலகை வைக்கும் இடங்களைப் பற்றி என்ன சொல்ல!

உங்களிடம் கேட்பது இதுதான். விடுமுறை வாரங்களில் வானிலைக் கட்டத்துக்குப் பக்கத்தில் நான்கு அங்குல இடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு செய்தி. அளவும் காரணமும் கட்டாயம் இருக்க வேண்டும். 'இயற்கையைக் காப்போம்' வேண்டாம். பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையே முதல் நாள் போடலாம்: ஒரு கைமண்வெட்டி, இறுக மூடும் பைகள் நான்கு, வடிகட்ட ஒரு மெல்லிய துணி, மடக்குவாளி, ஷூ தேய்க்கும் பிரஷ். தின்பண்டங்களைக் கிளம்புமுன்பே உறையிலிருந்து எடுத்து டப்பாவில் மாற்றிக்கொண்டால் திரும்பக் கொண்டுவரவேண்டிய உறைகள் வீட்டிலேயே தங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்தாலும் ஒரு தண்ணீர் பாட்டிலின் எடை வராது.

படம் வேண்டுமென்றால் குப்பைமேடு வேண்டாம். ஒரு கோட்டோவியம் போதும்: குழியின் ஆழம், அகலம், பக்கத்தில் ஓர் ஓடை, ஓடைக்கும் குழிக்கும் நடுவே 70 காலடிகள்.

இப்படிக்கு,
மலைப்பாதைப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்